இரண்டு நாடுகளின் தொற்றுநோய்க் கணக்கை ஒப்பிடுவது எப்படி

2024இல் பிரேசில் காட்டிய டெங்கு எண்ணிக்கை 60 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டில் இந்தியா காட்டியது சுமார் 2.3 லட்சம். பிரேசில் கணக்கில் வருபவர்கள் யார்? டெங்கு என்று சந்தேகப்பட்டு அறிவிக்கப்பட்டவர்களில், "டெங்கு இல்லை" என்று கழிக்கப்பட்டவர்கள் போக மீதி எல்லாரும். இந்தியக் கணக்கில் வருபவர்கள், எலிசா என்ற ஆய்வக இரத்தச் சோதனையில் என்எஸ்1 (வைரஸின் புரதம்) அல்லது ஐஜிஎம் (தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் ஆனவர்கள். உடனே முடிவு காட்டும் ரேபிட் கார்டில் மட்டும் கோடு விழுந்தால் அது உறுதியான கேஸ் ஆகாது. பிரேசிலில் அந்த ஆண்டு பரவல் உண்மையிலேயே முன் எப்போதும் இல்லாத அளவு இருந்தது. ஆனாலும் 26 மடங்கு வித்தியாசத்தில் கொசுவின் பங்கு எவ்வளவு, எழுதும் முறையின் பங்கு எவ்வளவு என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு என்னென்ன தேவை, எங்கே தேடுவது, எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு தாள்

எண்ணைத் தொடும் முன் ஒரு அட்டவணை போடுங்கள். நாட்டுக்கு ஒரு வரிசை. நெடுக்குப் பத்திகளில் இவை வர வேண்டும்: எந்த வரையறை, அது எந்தத் தேதியில் இருந்து நடைமுறையில் உள்ளது; எந்தெந்த வகைக் கேஸ்கள் மொத்தத்தில் சேர்கின்றன; எந்தப் பரிசோதனை; யாரைப் பரிசோதிக்கிறார்கள்; எல்லா மருத்துவமனைகளும் அறிவிக்கின்றனவா, தேர்ந்தெடுத்த சில மட்டுமா; எந்தத் தேதியின் கீழ் எழுதுகிறார்கள்; மறுதொற்று தனிக் கேஸா; நீங்கள் தரவை இறக்கிய நாள். இதில் பாதியாவது நிரம்பாவிட்டால் ஒப்பீட்டைத் தொடங்கவே வேண்டாம். விடை பெரும்பாலும் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்பில்தான் கிடைக்கும். வரைபடத்தை மட்டும் நகலெடுத்துப் போடுபவர்கள் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான்.

வரையறை

பெரும்பாலான நாடுகள் மூன்று படிகள் வைத்திருக்கின்றன: சந்தேகத்துக்குரியவர், சாத்தியமுள்ளவர், உறுதி செய்யப்பட்டவர். அறிகுறி மட்டும் இருந்தால் முதல் படி. அறிகுறியோடு உறுதியான நோயாளி ஒருவருடன் தொடர்பும் இருந்தால், பல நோய்களில் இரண்டாம் படி. ஆய்வகச் சான்று கிடைத்தால் மூன்றாம் படி. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் உள்ளடக்கமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தட்டம்மையில், ஆய்வகம் உறுதி செய்த ஒருவரோடு தொடர்பு நிரூபணமானால், பல நாடுகளில் பரிசோதனையே இல்லாமல் உறுதியான கேஸாக எழுதலாம். வேறு பல நோய்களில் அதே சான்று இரண்டாம் படியைத் தாண்டாது.

வரையறையில் ஒரு சொல் மாறினால் எண் எப்படி நகரும் என்பதற்கு எய்ட்ஸைப் பாருங்கள். 1993 ஜனவரியில் அமெரிக்கா தன் வரையறையை விரித்தது. சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 200க்குக் கீழே போன எச்ஐவி தொற்றாளர் எல்லாரும், வேறு நோய் எதுவும் தலைகாட்டாவிட்டாலும், எய்ட்ஸ் கேஸ் ஆனார்கள். அந்த ஆண்டு பதிவான கேஸ்கள் முந்தைய ஆண்டைப்போல் இரு மடங்கைத் தாண்டின. ஐரோப்பிய நாடுகள் அதே ஆண்டு நுரையீரல் காசநோய் உள்ளிட்ட புதிய நோய்களைப் பட்டியலில் சேர்த்தன. சிடி4 எண்ணிக்கையை மட்டும் சேர்க்கவில்லை. ஆகவே 1993க்குப் பிந்தைய அமெரிக்க எய்ட்ஸ் வரியையும் ஐரோப்பிய வரியையும் ஒரே படத்தில் போட்டால் இரண்டு வேறு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கதைதான்.

கோவிட்டில் இதே கூத்து 2020 பிப்ரவரியில் ஒரே நாளில் நடந்தது. சீனாவின் ஹூபே மாகாணம், ஆய்வக முடிவு இல்லாவிட்டாலும் சிடி ஸ்கேன் போன்றவற்றை வைத்து மருத்துவர் கண்டறிந்தவர்களையும் சேர்க்கத் தொடங்கியது. பிப்ரவரி 12ஆம் தேதிக்கு 14,840 புதிய கேஸ்கள். அதில் 13,332 பேர் இந்தப் புதிய வகை. அந்தச் சிகரத்தை அப்படியே வைத்துப் பரவல் வேகம் கணக்கிட்டால் விடை குப்பை. உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயிலும் அப்படித்தான். அமெரிக்காவில் அந்நோய் அதிகமுள்ள மாநிலங்கள் 2022 முதல், அறிகுறி விவரம் தேடாமல் ஆய்வகச் சான்றை மட்டும் வைத்து அறிவிக்கலாம் என்று விதி மாறியது. 2017 முதல் 2019 வரை ஆண்டுச் சராசரி 37,118. 2022இல் 62,551. அதற்கு உண்ணிகள் மீது பழி போட முடியாது.

சிறிய அளவுகோல்களும் கவனத்துக்கு உரியவை. இன்ஃப்ளுயன்சா போன்ற காய்ச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் அளந்த காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள். அமெரிக்கா கேட்பது 37.8 டிகிரி, கூடவே இருமல் அல்லது தொண்டை வலி. 37.9 டிகிரியும் தொண்டை வலியும் உள்ள ஒருவர் ஒரு கணக்கில் உள்ளே, மற்றதில் வெளியே.

வரையறையை எங்கே எடுப்பது? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2018இல் வெளியான 2018/945 எண்ணுள்ள ஐரோப்பிய ஆணைய முடிவு இருக்கிறது. பின்னாளில் வந்த திருத்தங்களோடு சேர்த்துப் படியுங்கள். அமெரிக்காவில் மாநில நோய்ப்பரவலியலாளர்கள் மன்றம் வரையறுக்க, நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆண்டு வாரியாக வெளியிடுகிறது. எந்த நோயைச் சட்டப்படி அறிவிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அங்கே மாநிலங்கள்தான். ஆகவே "அமெரிக்க எண்" என்பதே ஐம்பது பழக்கங்களின் கூட்டல். இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் படிவங்கள் வழிகாட்டும்: களப்பணியாளர் அறிகுறியை வைத்து நிரப்புவது எஸ் படிவம், மருத்துவர் கணிப்பது பி படிவம், ஆய்வகம் தருவது எல் படிவம். பி படிவக் கூட்டலையும் எல் படிவக் கூட்டலையும் மாற்றிப் படித்துச் செய்தி எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

நீங்கள் ஆராயும் ஆண்டில் எது நடைமுறையில் இருந்ததோ அந்தப் பதிப்பைத் தேடுங்கள். இன்றைய இணையப் பக்கத்தில் இருப்பது இன்றைய வரையறை.

இரண்டு நாடுகளுக்கும் பொதுவாக உள்ள வகையை மட்டும் எடுப்பது பாதுகாப்பான வழி. பெரும்பாலும் அது "ஆய்வகத்தில் உறுதியானவை". ஆனால் பொது வகைக்கு இறங்கியதும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது: சந்தேகத்துக்குரியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு மாதிரி எடுத்தார்கள்? ஒரு நாடு 90 சதவீதம், மற்றது 15 சதவீதம் என்றால், உறுதியான கேஸ்களை ஒப்பிடுவது ஆய்வகங்களின் கொள்ளளவை ஒப்பிடுவதுதான். பெரிய பரவலின் நடுவில் பல நாடுகள் வேண்டுமென்றே பரிசோதனையைக் குறைத்துக்கொள்ளும். முதல் சில மாதிரிகளில் கிருமி உறுதியானபின் அறிகுறியை வைத்தே எண்ணுவார்கள். ஆகவே அந்தச் சதவீதத்தையும் தாளில் மாதவாரியாக எழுதுங்கள்.

பரிசோதனை

எந்தக் கருவி என்பதைவிட நோயின் எந்த நாளில் மாதிரி எடுத்தார்கள் என்பது சில நோய்களில் முக்கியம். டெங்குவில் என்எஸ்1 முதல் சில நாட்களில் நன்றாகப் பிடிக்கும். ஐஜிஎம் ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் நம்பகமாகத் தெரியும், பிறகு மாதக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். மக்கள் தாமதமாக மருத்துவமனைக்கு வரும் நாட்டில் என்எஸ்1 மட்டும் செய்தால் நிறையத் தவறும். ஐஜிஎம் மட்டும் செய்தால் போன மாதத் தொற்றும் இந்த வாரக் காய்ச்சலின் தலையில் ஏறும். ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவும் இடங்களில் ஐஜிஎம் குறுக்கே வினைபுரிந்து ஏமாற்றவும் செய்யும்.

பிசிஆர் சோதனையிலும் கோடு எங்கே கிழிப்பது என்ற கேள்வி உண்டு. கோவிட் காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சிடி மதிப்பு (வைரஸ் தென்பட மாதிரியை எத்தனை சுற்று பெருக்க வேண்டியிருந்தது என்ற எண்) 35 வரை பாசிட்டிவ் என்றது. வேறு இடங்களில் அந்தந்தக் கிட் தயாரிப்பாளரின் எல்லையைப் பின்பற்றினார்கள். கிட்டுக்குக் கிட் சிடி மதிப்பு நேரடியாக ஒப்பிடத்தக்கது அல்ல என்பதால், 35ஐ மற்ற நாட்டின் தரவு மீது நீங்களாகப் பொருத்தாதீர்கள்.

இனி, யாரைச் சோதிக்கிறார்கள் என்பதன் கணக்கு. நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 98 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும் ஒரு சோதனை என்று வைப்போம். ஒரு நாடு அறிகுறி உள்ள 10,000 பேரைச் சோதிக்கிறது. அவர்களில் 20 சதவீதம் பேருக்கு நோய். பிடிபடும் உண்மைக் கேஸ்கள் 1,800. பொய் பாசிட்டிவ் 160. பாசிட்டிவ் வந்தவர்களில் 92 சதவீதம் பேர் நிஜ நோயாளிகள். அடுத்த நாடு விமான நிலையத்தில் வருவோர் போவோர் எல்லாரையும், 10,000 பேரை, சோதிக்கிறது; நோய் 1 சதவீதம் பேருக்கு. உண்மைக் கேஸ்கள் 90, பொய் பாசிட்டிவ் 198. அதாவது பாசிட்டிவ் வந்தவர்களில் மூவரில் இருவர் நோயில்லாதவர்கள். ஒரே கிட், ஒரே ஆய்வகத் திறமை. எண்ணின் பொருள் மட்டும் வேறு.

இதைத் திருத்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு. பாசிட்டிவ் விகிதத்தோடு நெகட்டிவைச் சரியாகக் காட்டும் திறனைக் கூட்டி 1ஐக் கழியுங்கள். அதை, இரண்டு திறன்களின் கூட்டலில் 1 கழித்த எண்ணால் வகுங்கள். பாசிட்டிவ் 4 சதவீதம், பிடிக்கும் திறன் 85, சரியான நெகட்டிவ் 98 என்றால்: (0.04 + 0.98 − 1) ÷ (0.85 + 0.98 − 1) = 0.02 ÷ 0.83, அதாவது 2.4 சதவீதம். விடை எதிர்ம எண்ணாக வந்தால் பதற வேண்டாம். நீங்கள் எடுத்துக்கொண்ட 98 தவறு, அல்லது கிடைத்த பாசிட்டிவ் எல்லாமே கிட்டின் பிழைக்குள் அடங்கிவிட்டன. கிட் பெட்டியில் அச்சிட்ட திறனை அப்படியே போடாதீர்கள்; களத்தில் அது பொதுவாகக் குறையும்.

"பாசிட்டிவ் விகிதம்" என்ற சொல்லைக் கண்டால் அடியில் எதை வைத்து வகுத்தார்கள் என்று பாருங்கள். ஆயிரம் பேருக்கு ஒரு சோதனை, 100 பேருக்கு பாசிட்டிவ். குணமானதை அறிய அந்த 100 பேருக்கும் இன்னும் இரண்டு சோதனைகள், அவற்றில் 80 மறுபடி பாசிட்டிவ். ஆட்கள் கணக்கில் 10 சதவீதம். சோதனைகள் கணக்கில் 1,200க்கு 180, அதாவது 15 சதவீதம். மேலே ஆட்களையும் கீழே சோதனைகளையும் வைத்தால் 8.3 சதவீதம். மூன்றும் ஒரே ஊர், ஒரே வாரம். மூன்றாவது முறைதான் மோசமானது, ஆனால் அதுவும் புழக்கத்தில் இருக்கிறது. 2020இல் அமெரிக்காவின் சில மாநிலங்கள் ஆன்டிபாடி சோதனைகளையும் வைரஸ் சோதனைகளையும் ஒன்றாகக் கூட்டியே வெளியிட்டன.

எண்ணும் முறையும் தேதியும்

2023 மே 8 அன்று ஜப்பான் கோவிட்டைத் தன் தொற்றுநோய்ச் சட்டத்தின் ஐந்தாம் வகுப்புக்கு இறக்கியது. அதோடு ஒவ்வொரு கேஸையும் எண்ணுவது நின்று, தேர்ந்தெடுத்த சுமார் 5,000 மருத்துவ நிலையங்கள் வாரம் ஒருமுறை தருவது மட்டும் வெளியானது. அலகும் "ஒரு நிலையத்துக்கு இத்தனை" என்று மாறியது. அதை மக்கள்தொகையால் வகுக்க முடியாது. முழு எண்ணிக்கை தரும் நாட்டோடு ஒப்பிட ஒரே வழி, இரண்டையும் தத்தம் உச்ச வாரத்தின் சதவீதமாக மாற்றி ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்ப்பது. எத்தனை பேர் என்ற கேள்வியை அங்கே விட்டுவிட வேண்டும்.

தேதிகளில் நான்கு உண்டு: அறிகுறி தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாள், முடிவு வந்த நாள், வெளியிட்ட நாள். வெளியிட்ட நாளை வைத்த வரியில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளமும் திங்கள், செவ்வாய் மேடும் பெரும்பாலும் வரும். அறிகுறி நாள் சிறந்தது. அறிகுறி இல்லாதவர்களுக்கு அது கிடையாது என்பதால் பல நேரம் மாதிரி நாளே நடைமுறைக்கு ஒத்துவரும். எதுவானாலும் இரண்டு நாடுகளுக்கும் ஒன்றே. வாரக்கணக்கில் இன்னொரு சிக்கல்: ஐரோப்பாவில் வாரம் திங்கள் முதல் ஞாயிறு, அமெரிக்கத் தொற்றுநோய் வாரம் ஞாயிறு முதல் சனி. ஆண்டின் முதல் வாரம் எது என்பதிலும் சில ஆண்டுகளில் முரண்படும். வார எண்ணை நம்பி இரண்டு அட்டவணைகளை ஒட்டாதீர்கள். வாரம் முடியும் தேதியை எழுதி ஒட்டுங்கள்.

கடைசி இரண்டு மூன்று வாரங்கள் எப்போதும் குறைவாகத்தான் தெரியும், பாதி அறிக்கைகள் வழியில் இருப்பதால். அதற்கு வாரம் ஒருமுறை முழுக் கோப்பையும் இறக்கித் தேதி போட்டு வையுங்கள். ஒரு வாரத்துக்கு முதலில் வெளியான எண் 400, நான்கு வாரம் கழித்து அதே வாரம் 520 என்று நின்றால், முதல் வெளியீட்டின் நிறைவு 77 சதவீதம். பல வாரங்களுக்கு இப்படிப் பார்த்து இந்த விகிதம் நிலையாக இருந்தால், இன்று புதிதாக வந்த 300 உண்மையில் 390 அளவுக்கு வளரும் என்று சொல்லலாம். விகிதம் தாவிக்கொண்டே இருந்தால் அந்த வாரங்களை ஒப்பீட்டில் இருந்து விலக்குங்கள்.

திடீர் குதிப்பு ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுவது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் கேஸ்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு வடிவம் சுமார் 65,000 வரிசைகளுக்கு மேல் ஏற்காது என்பதே காரணம். அடுத்த இரண்டு நாட்களில் எல்லாம் சேர்த்து வெளியானபோது பரவல் வெடித்ததுபோல் தோன்றியது. 2022 ஜனவரி இறுதியில் அங்கே இன்னொரு படி: 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு வரும் மறுதொற்றையும் தனிக் கேஸாக எண்ணத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட இடங்களில் வரைபடத்தின் குறுக்கே ஒரு செங்குத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு இடது வலதை ஒப்பிடாதீர்கள்.

பூஜ்யம்

"கேஸ் எதுவும் இல்லை" என்று ஒரு நாடு சொன்னால் அதைச் சோதிக்க நல்ல வழி இருக்கிறது, பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. போலியோவுக்கு, 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் திடீரெனக் கைகால் துவளும் எல்லாக் கேஸ்களையும் அறிவிக்கச் சொல்கிறார்கள். போலியோ இல்லாத இடத்திலும் வேறு காரணங்களால் லட்சத்துக்கு ஒன்றாவது வந்தே தீரும். ஆபத்து அதிகமுள்ள நாடுகளில் இலக்கு லட்சத்துக்கு இரண்டு. 15 வயதுக்கு உட்பட்டோர் 40 லட்சம் பேர் என்றால் ஆண்டுக்கு 80 துவளல் கேஸ்கள் தேடிப் பிடிக்கப்பட வேண்டும். 20தான் வந்திருக்கிறது என்றால் அங்கே யாரும் தேடவில்லை. அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. மாதிரியையும் பாருங்கள்: துவளல் தொடங்கி 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள், குறைந்தது 80 சதவீதம் பேரிடம்.

தட்டம்மைக்கும் இதே தர்க்கம். சோதித்துத் தட்டம்மையும் இல்லை ருபெல்லாவும் இல்லை என்று கழிக்கப்பட்டவர்கள் லட்சம் பேருக்கு 2க்குக் குறையக் கூடாது. மலேரியாவுக்கு, ஆண்டில் மக்கள்தொகையின் எத்தனை சதவீதம் பேருக்கு இரத்தம் பார்த்தார்கள் என்ற எண்ணைக் கேளுங்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை கேஸ் என்ற எண் சரிந்த அதே ஆண்டில் இரத்தப் பரிசோதனையும் சரிந்திருந்தால் மகிழ்ச்சியை ஒத்திவையுங்கள். மலேரியாவில் உள்ளூர்க் கேஸ், வெளிநாட்டில் தொற்றி வந்த கேஸ் என்ற பிரிவும் உண்டு. மலேரியா ஒழிந்ததாகச் சான்று பெற்ற நாடுகளிலும் இரண்டாம் வகை தொடர்ந்து பதிவாகும். அது முரண் அல்ல.

தொடர்பில் இருந்தவர்களைத் தேடுதல்

"ஒரு நோயாளிக்கு இத்தனை தொடர்புகளைக் கண்டுபிடித்தோம்" என்பதை நாடுகளுக்கு இடையே ஒப்பிடவே முடியாது. கோவிட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 1 மீட்டருக்குள் 15 நிமிடத்துக்கு மேல் என்றது. அமெரிக்கா 6 அடி, 2020 அக்டோபரில் இருந்து 24 மணி நேரத்தில் மொத்தமாகக் கூட்டி 15 நிமிடம் என்றது. இரண்டாவதில் பட்டியல் தானே நீளும். பதிலாக இதைக் கேளுங்கள்: புதிதாக உறுதியானவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே தொடர்புப் பட்டியலில் இருந்தார்கள்? எபோலாவில் தொடர்புகளை 21 நாள் தினமும் பார்க்கிறார்கள். அங்கே பட்டியலுக்கு வெளியே இருந்து கேஸ் வந்துகொண்டே இருந்தால், பட்டியல் எவ்வளவு நீளமானாலும் தெரியாத சங்கிலி ஒன்று ஓடுகிறது என்று பொருள். இந்த விகிதம் வரையறை வேறுபாட்டை ஓரளவு தாங்கும். முழுக்க அல்ல, பட்டியலை மிக அகலமாகப் போட்டாலும் விகிதம் கூடும்.

இறப்பு எண்ணிக்கை

இறப்பு எண் திடமானது என்று பலர் அதற்குத் தாவுவார்கள். 2020 ஆகஸ்ட் 12 அன்று பிரிட்டன், கோவிட் பாசிட்டிவ் வந்து 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று மாற்றியபோது மொத்தம் ஒரே நாளில் 5,000க்கு மேல் குறைந்தது. பெல்ஜியமோ முதியோர் இல்லங்களில் சோதிக்கப்படாமல் சந்தேகத்தின் பேரில் இறந்தவர்களையும் 2020இல் சேர்த்தது. அதனால் ஐரோப்பாவிலேயே மோசமான நாடு என்ற பெயரைச் சில மாதம் சுமந்தது.

வரையறையைத் தாண்ட ஒரே கருவி மிகை இறப்பு: வழக்கமான ஆண்டுகளை வைத்து எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் கூடுதலாக, எந்தக் காரணத்தாலாவது, இறந்தார்கள் என்பது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 1.49 கோடி, நாடுகள் கோவிட் இறப்பு என்று அறிவித்தது சுமார் 54 லட்சம். ஆனால் இதற்கு எல்லா இறப்புகளும் பதிவாகும் நாடு வேண்டும். பதிவு அரைகுறையான இடங்களில் இதுவும் ஊகங்களை வைத்த கணித மதிப்பீடாகிவிடும். இந்தியாவுக்கான மதிப்பீட்டை இந்திய அரசு மறுத்த தகராறு அங்கிருந்துதான் வந்தது. ஆகவே தாளில் கடைசியாக ஒரு நெடுக்குப் பத்தி சேருங்கள்: இந்த நாட்டில் இறப்புகளில் எத்தனை சதவீதம் பதிவாகிறது, அதில் எத்தனைக்கு மருத்துவர் சான்றளித்த காரணம் இருக்கிறது. மிகை இறப்பை எடுக்கலாமா என்று முதல் எண் சொல்லும். காரணவாரி இறப்பை எடுக்கலாமா என்று இரண்டாவது சொல்லும்.